'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்': எதை எப்போது சொல்ல வேண்டும்?

கல்லூரி முடிக்கும் பிள்ளைகளுக்கு ரெஸ்யூம் திருத்திக் கொடுப்பது பல வருடமாக என் வழக்கம். அதில் அடிக்கடி கண்ணில் படும் வரி, 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019'. ஆண்டைச் சொல்லிவிட்டால் அங்கே 'ஹேவ்' வரக்கூடாது. 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' என்பதே சரி. ஆண்டு இல்லையென்றால் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி' என்று தாராளமாக எழுதலாம்.

இதைப் புரிந்துகொள்ள நம் பேச்சையே கவனியுங்கள்.

'தஞ்சாவூர் போயிருக்கீங்களா?'
'போயிருக்கேன்.'
'எப்போ போனீங்க?'
'போன மாசம் போனேன்.'

போனதுண்டா என்று மட்டும் கேட்கும்போது 'போயிருக்கேன்'. எப்போது என்ற கேள்வி வந்ததுமே நாம் யாரும் சொல்லித்தராமல் 'போனேன்' என்று மாறிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் அதே இடத்தில்தான் 'ஐ ஹேவ் பீன்' போய் 'ஐ வென்ட்' வருகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஒற்றுமை. வகுப்பில் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஒரு சின்ன வேறுபாடு உண்டு. 'அப்பா தஞ்சாவூர் போயிருக்கார், நாளைக்கு வருவார்' என்றால் 'ஹேஸ் கான்'. 'அப்பா இரண்டு தடவை போயிருக்கார்' என்றால் 'ஹேஸ் பீன்'.

தமிழை நம்பிப் போனால் தவறும் இடங்களும் இருக்கின்றன. காலையில் வாசல் ஈரமாக இருப்பதைப் பார்த்து 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்கிறோம். நாம் பார்க்கவில்லை, ஊகிக்கிறோம். இதை 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று மாற்றினால் தவறு. ஊகத்துக்கு ஆங்கிலத்தில் தனி வழி: 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்'.

இன்னொன்று இதைவிடச் சிக்கலானது. 'ரெண்டு வாரமா இங்கே இருக்கேன்' என்பதில் தமிழ் நிகழ்காலத்தையே வைக்கிறது. என்னிடம் படித்த ஒரு பையன் வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதே கணக்கில் 'ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' என்று சொல்லியிருக்கிறான். கேட்டவரோ, இவன் இரண்டு வாரம் மட்டும் தங்கிவிட்டுக் கிளம்பப் போகிறான் என்று எடுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்துக்கு அங்கே அதுதான் பொருள். வந்து இரண்டு வாரம் ஆகிறது என்றால் 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' என்று சொல்ல வேண்டும். இலக்கணப் பிழை என்று கேட்பவர் இதைக் கண்டுபிடிக்கக்கூட மாட்டார், வேறு செய்தியாகவே புரிந்துகொள்வார். அதனால்தான் இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன்.

அமெரிக்கப் படங்களில் 'டிட் யூ ஈட் ஆல்ரெடி?' என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கில் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்று கேட்கும் இடம் அது. 'ஆல்ரெடி', 'ஜஸ்ட்' வரும் இடங்களில் அமெரிக்கர்கள் 'ஹேவ்' இல்லாமலும் பேசுவார்கள். ஆண்டு போட்ட ரெஸ்யூம் வரிக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே விதிதான்.