மேப்பை யார் கையில் கொடுப்பது?

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்திலிருந்து 15 முதல் 17 வயதுக்குள் இருக்கும் பன்னிரண்டு பேரை நான்கு நாள் காட்டு நடைப்பயணத்துக்கு அழைத்துப்போகிறோம். சாமான் முழுவதையும் முதுகுப்பையில் சுமந்து, டென்ட்டில் தங்கும் திட்டம். முடிந்ததும் ஒருநாள் சமூக சேவை. தலைமைப் பண்பை வளர்ப்பதுதான் நோக்கம். போன வருடமும் போனோம். சந்தோஷமாக இருந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், திரும்பியதும் பழைய கதைதான். எப்போதும் முன்னால் நிற்கிற இரண்டு பேரே அங்கேயும் முன்னால் நின்றார்கள். எதை மாற்ற வேண்டும்?

பதில்: நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். போன வருடம் எத்தனை மணிக்குக் கிளம்புவது, பிரிவு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே டென்ட் போடுவது என்பதையெல்லாம் யார் முடிவு செய்தார்கள்? நீங்கள்தான் என்றால், பிள்ளைகள் நான்கு நாளும் உங்கள் பின்னால் நடந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கால் பலப்பட்டிருக்கும். தலைமைக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய சோதனை முகாமிலேயே இதற்கு விடை இருந்தது. சுமார் இருபது பையன்களை நான்கு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அவர்களில் ஒருவனையே தலைவனாக்கினார். 1965-ல் அமெரிக்காவின் வயோமிங்கில் பால் பெட்ஸோல்ட் தொடங்கிய நோல்ஸ் என்ற வனப் பயிற்சிப் பள்ளி இன்னும் ஒரு படி போனது. நியமிக்கப்பட்ட தலைவர், ஈடுபாட்டோடு பின்தொடர்பவர், சக தோழராக வழிகாட்டுபவர், தன்னைத்தானே நடத்திக்கொள்பவர் என்று தலைமையை நான்காகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது அந்தப் பள்ளி. உங்கள் முன்வரிசை இரண்டு பேருக்கும் முதல் வகை தானாகவே வருகிறது. அவர்கள் கற்க வேண்டியது இரண்டாவதை.

நடைமுறைக்கு வருகிறேன். பன்னிரண்டு பேரை ஆறு ஆறாகப் பிரியுங்கள். அந்த இரண்டு பேரும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு நாளைக்கு இரண்டு பேர் 'இன்றைய தலைவர்கள்'. மூன்று நாளில் ஆறு பேருக்கும் முறை வந்துவிடும். நான்காம் நாள் யார் என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சையும் கவனியுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு முதல் நாள் வேண்டாம். அன்றைக்குப் பை வாரே யாருக்கும் சரியாகப் பிடிபட்டிருக்காது, எல்லாரும் எரிச்சலில் இருப்பார்கள். இரண்டாம் நாள் கொடுங்கள். முன்வரிசைப் பையனை அன்று வரிசையின் கடைசியில் நடக்கச் சொல்லுங்கள். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. பேச்சாளிகளுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது.

எந்த முடிவு உங்களுடையது என்பதைக் கிளம்புமுன்பே சொல்லிவிட வேண்டும். ஆற்றைக் கடப்பது, இடி இடித்தால் மேட்டிலிருந்து இறங்குவது, அடிபட்டால் என்ன செய்வது, எத்தனை மணிக்கு மேல் முன்னேறாமல் திரும்புவது, யாரும் தனியாகப் போகாமல் பார்ப்பது ஆகியவை பெரியவர்கள் கையில். வழி தவறி ஒரு மணி நேரம் வீணாவது, நனைவது, ராத்திரிச் சாப்பாடு தாமதமாவது எல்லாம் பிள்ளைகள் கையில். இந்தக் கோடு தெளிவாக இல்லாவிட்டால் நீங்கள் பாதி வழியில் குறுக்கிடுவீர்கள். ஒரு தடவை குறுக்கிட்டால் போதும், அதற்குப் பிறகு எல்லா முடிவுக்கும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு இது புரியவே பல வருடம் ஆனது. ஒவ்வொரு பிரிவிலும் விசில் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தவன் நான். ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், மேப் வைத்திருந்த பதினாறு வயதுப் பெண் இடது பக்கம் என்றாள். உரக்கப் பேசும் பையன் ஒருவன் வலது என்றான். கூட்டம் வலது பக்கம் திரும்பியது. தவறு என்று எனக்குத் தெரியும். அந்தப் பாதை ஆபத்தில்லாத ஒரு மொட்டை மேட்டில் போய் முடியும் என்பதும் தெரியும். நாற்பது நிமிடம் ஏறினார்கள். மேட்டில் நின்றதும் அந்தப் பெண் மேப்பைப் பாறை மேல் விரித்து, காம்பஸை வைத்துத் திருப்பினாள். "ஓடை நமக்கு இடப்பக்கம் இருக்கணும். இப்ப வலப்பக்கம் சத்தம் கேக்குது," என்றாள். பையன் கொஞ்ச நேரம் வாதாடினான். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பிறகு பையை மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினான்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்தப் பிரிவில், வலது பக்கம் தப்பு என்று எத்தனை பேருக்குத் தோன்றியது?" மூன்று கை உயர்ந்தது. அந்தப் பெண்ணுடையது அதில் ஒன்றுதான். மற்ற இருவரும் ஏன் வாய் திறக்கவில்லை என்பதைப் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் விசில் அடித்திருந்தால் அந்த இரண்டு கைகள் இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த ராத்திரிப் பேச்சைத் தினமும் வையுங்கள். பசியோடோ ஈர உடையோடோ இருக்கும்போது வேண்டாம். இன்று என்ன நடந்தது, ஏன் அப்படி ஆனது, நாளைக்கு எதை மாற்றலாம் என்ற மூன்று கேள்வி போதும். பெரியவர்கள் கடைசியில்தான் பேச வேண்டும், அதுவும் சுருக்கமாக.

அதே நேரத்தில் மறுநாள் கணக்கையும் போடச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் எளிது: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். 9 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 48 நிமிடம் வரும். முதுகில் பாரத்தோடு போகும் பழகாத பிள்ளைகளுக்கு இன்னும் பாதி சேர்த்து நான்கேகால் மணி நேரம் வைப்பேன். அன்றைய தலைவர்கள் இதை எழுதி வைத்து, போய்ச் சேர்ந்த நேரத்தையும் பக்கத்தில் எழுதட்டும். இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எங்கே போனது என்று அவர்களே தேடுவார்கள். பெரும்பாலும் காலையில் டென்ட் மடிப்பதில்தான் போயிருக்கும்.

ஏற்பாடுகளில் சில. பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 50 கிலோ இருப்பவருக்கு 10 கிலோ. ஸ்டவ், பாத்திரம், டென்ட் போன்ற பொதுச் சாமான்களை யார் சுமப்பது என்பதை அவர்களே பங்கிடட்டும். புது ஷூ கூடாது. நடக்கத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே நிறுத்தி, "யாருக்காவது கால் உரசுதா?" என்று தலைவர் கேட்க வேண்டும். கொப்புளம் வந்த பிறகு கேட்பதில் பயனில்லை. குடிக்கும் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம். கழிப்புக் குழி நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு குழுவோடும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவராவது முதலுதவி தெரிந்தவர். ஒருவர் அடிபட்டவரோடு இருக்க, இன்னொருவர் உதவி தேடிப் போக வேண்டுமே. பெற்றோர் சம்மதம், மருந்து ஒவ்வாமை விவரம், வனப்பகுதி அனுமதி எல்லாம் கைவசம் இருக்கட்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சேவை விஷயத்தில் உங்கள் திட்டத்தோடு நான் ஒத்துப்போகவில்லை. 'முடிந்ததும் ஒருநாள்' என்பது ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வது. 1956-ல் பிரிட்டனில் இளைஞர்களுக்காகத் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தைப் பாருங்கள். அதன் தங்க நிலையில் பயணம் உங்களுடையதைப் போலவே 4 நாள். சேவை 12 மாதம். தொடக்க நிலையான வெண்கலத்திலும் பயணம் 2 நாள்தான், சேவை குறைந்தது 3 மாதம். ஏறக்குறைய அந்த விகிதம் எனக்குச் சரியாகப் படுகிறது. காட்டில் நாலு நாளில் பிடிபடுவது ஊரில் மாதக்கணக்கில் பயன்பட்டால்தான் ஒட்டும்.

ஆகவே சேவையைப் பயணத்துக்கு முன்பே தொடங்குங்கள். என்ன செய்வது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளைகள் இரண்டு தடவையாவது நேரில் போய், அங்கே இருப்பவர்களைக் கேட்டு வரட்டும். ஒரு குழு மரக்கன்று நடப் போகிறோம் என்று ஓர் இடத்துக்குப் போனது. அங்கிருந்த காவலாளி, "புதுசா நட வேண்டாம். போன தடவை வந்தவங்க நட்டதுக்குத் தண்ணி ஊத்த ஆள் அனுப்புங்க," என்றார். பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் வாரம் இரண்டு பேர் என்று முறை போட்டுக் குடம் தூக்கினார்கள். நடும் நாளில் எடுக்கிற போட்டோ தண்ணீர் ஊற்றும் நாளில் கிடைக்காது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பயணத்தோடு ஒட்டிய வேலை வேண்டுமென்றால் நடந்த பாதையையே எடுத்துக்கொள்ளலாம். செங்குத்தான பாதையில் மழைநீர் நேராக இறங்கி மண்ணை அரித்துவிடும். குறுக்கே சாய்வாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டினால் நீர் பக்கவாட்டில் ஒதுங்கும். ஆனால் அதில் மண் சேர்ந்து தூர்ந்துபோகும். பெரிய மழைக்குப் பிறகு யாராவது போய்ச் சுரண்டிவிட வேண்டும். வனப் பொறுப்பாளர்களின் அனுமதியோடும் அவர்கள் காட்டும் இடத்திலும் மட்டும் வெட்டுங்கள். யார் எப்போது போய்ச் சுரண்டுவது என்ற முறைப்பட்டியலையும் பயணத்தில் தலைவர்களாக இருந்த அதே ஜோடிகளே நடத்தட்டும்.

கடைசியாக, உங்களுக்கும் சக பெரியவர்களுக்கும். நடுவில் பேச வேண்டும் என்று நாக்கு துடிக்கும். நான் சட்டைப்பையில் ஒரு சாண் கயிறு வைத்திருப்பேன். வாய் திறக்கத் தோன்றும்போதெல்லாம் அதில் முடிச்சுப் போட்டு அவிழ்ப்பேன். உங்களுக்குள் ஒரு சைகையும் பேசி வையுங்கள்: ஒருவர் குறுக்கிடப் போனால் மற்றவர் தொப்பியைத் தொட வேண்டும். முதல் நாள் எத்தனை தடவை தொட்டீர்கள் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.