ஆர்பி கோப்புறையில் கை வைக்காதீர்கள்: ஸ்ப்ளங்க் கிளஸ்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சங்கதிதான். லொக்கைச் (இயந்திரங்கள் எழுதும் பதிவு வரிகள்) சேர்த்துத் தேடித்தரும் ஸ்ப்ளங்க் மென்பொருளின் கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இயங்கும் இயந்திரக் கூட்டத்தில், டிஸ்க் நிரம்புகிறது, மிச்சம் கிடக்கும் பக்கெட்டுகளை (லொக் வரிகள் கிடக்கும் கோப்புறைகள்) என்ன செய்வது? ஹொட், வோர்ம், கோல்ட் (பக்கெட் பழசாகும் படிகள்) என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கே பதில் எழுதுகிறேன். 'பியர்' என்று எழுதினால் சிலருக்குப் போத்தல் ஞாபகம் வரும், ஆகவே லொக்கைச் சேமிக்கும் இயந்திரத்தை இன்டெக்ஸர் என்றே வைத்துக்கொள்வோம்.

நான்கு இன்டெக்ஸர்கள், ரெப்ளிகேஷன் ஃபக்டர் 3 (பக்கெட்டுக்கு மூன்று பிரதி), சேர்ச் ஃபக்டர் 2 (அவற்றில் தேடக்கூடியவை இரண்டு). மின்வேலைக்காக ஒன்றை வெள்ளி மாலை நிறுத்தித் திங்கள் காலைதான் ஏற்றினோம். இப்போது மற்ற மூன்றிலும் டிஸ்க் எகிறியிருக்கிறது. ஏதாவது பழுதா? – கொள்ளுப்பிட்டி

பழுதில்லை. கிளஸ்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஓர் இன்டெக்ஸரிடமிருந்து 60 செக்கனுக்கு ஹார்ட்பீட் (உயிரோடிருக்கிறேன் என்ற குறி) வராவிட்டால், கிளஸ்டரை நடத்தும் மேனேஜர் அதை விழுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்த பிரதிகளை மற்றவற்றில் புதிதாக உண்டாக்கத் தொடங்கும். திங்கட்கிழமை பழையது தன் பிரதிகளோடு திரும்பி வந்தது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. இந்த நான்காவதுக்குத்தான் எக்ஸெஸ் பக்கெட் என்று பெயர்.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 100 ஜிபி லொக் என்றால், பிரதி ஒன்றின் ரோடேட்டா (சுருக்கிய மூல வரிகள்) சுமார் 15 ஜிபி, டிஎஸ்ஐடிஎக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) சுமார் 35 ஜிபி. மூன்று ரோடேட்டா 45, இரண்டு டிஎஸ்ஐடிஎக்ஸ் 70, ஆக நாளுக்கு 115 ஜிபி. 30 நாளுக்கு மூன்றரை டிபி. நான்காகப் பிரித்தால் ஒவ்வோர் இன்டெக்ஸரிலும் 860 ஜிபி அளவில். விழுந்தவருடைய அந்த 860ஐ மற்ற மூவரும் பங்கு போட்டால் தலைக்கு 290 ஜிபி. உங்கள் டிஸ்க் எகிறிய அளவு இதற்குக் கிட்டவாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

துப்புரவாக்க: மேனேஜரில் 'ஸ்ப்ளங்க் ஷோ கிளஸ்டர்-ஸ்டேட்டஸ்' கொடுங்கள். ரெப்ளிகேஷன் ஃபக்டர், சேர்ச் ஃபக்டர் இரண்டும் 'மெட்' (பூர்த்தி) என்று வரவேண்டும், ஃபிக்ஸ்-அப் (குறைந்த பிரதிகளைத் திருத்தும் வேலை) வரிசையும் காலியாக வேண்டும். அதுவரை எதையும் தொடாதீர்கள். பிறகு செட்டிங்ஸில் இன்டெக்ஸர் கிளஸ்டரிங், அங்கே இன்டெக்ஸஸ் பக்கம், பக்கெட் ஸ்டேட்டஸ் பொத்தான், கடைசித் தாவலில் எக்ஸெஸ் உள்ள இன்டெக்ஸ்களின் (பெயரிட்ட பக்கெட் தொகுப்புகள்) பட்டியல். கட்டளையாகவே வேண்டுமென்றால் 'ஸ்ப்ளங்க் லிஸ்ட் எக்ஸெஸ்-பக்கெட்ஸ்', பின் 'ஸ்ப்ளங்க் ரிமூவ் எக்ஸெஸ்-பக்கெட்ஸ்'. பின்னால் இன்டெக்ஸ் பெயரைச் சேர்த்தால் அது ஒன்றில் மட்டும் வேலை செய்யும். சிறிய இன்டெக்ஸ் ஒன்றில் முதலில் செய்து பாருங்கள். எந்தப் பிரதி போவது என்பதை மேனேஜர் தீர்மானிக்கும், ஆகவே கடைசியில் ஓர் இன்டெக்ஸர் கனத்தும் இன்னொன்று மெலிந்தும் நிற்கலாம். டேட்டா ரீபலன்ஸ் (பக்கெட்டுகளைச் சமமாகப் பங்கிடுதல்) போடுவதென்றால் இதற்குப் பிறகு போடுங்கள். மிச்சத்தோடு சேர்த்து ரீபலன்ஸ் செய்வது, குப்பையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வீடு மாறுவது போல.

எங்களிடம் மூன்று இன்டெக்ஸர்கள்தான், ரெப்ளிகேஷன் ஃபக்டரும் 3, சேர்ச் ஃபக்டர் 2. நான்காவது பிரதி வைக்க இடமே இல்லையே, பிறகு எப்படி எக்ஸெஸ் காட்டுகிறது? – பம்பலப்பிட்டி

நல்ல கேள்வி. ரோடேட்டாவில் மிச்சமில்லை, தேடக்கூடிய பிரதியில் மிச்சம். ஒன்று விழுந்தபோது, எஞ்சிய இரண்டில் டிஎஸ்ஐடிஎக்ஸ் இல்லாமல் கிடந்த பிரதிக்கு மேனேஜர் அதைக் கட்டுவித்திருக்கும். விழுந்தது திரும்பியதும் இரண்டுக்குப் பதில் மூன்று தேடக்கூடிய பிரதிகள். அதே ரிமூவ் கட்டளைதான்.

எக்ஸெஸ் இருந்தால் தேடலில் ஒரே வரி இரண்டு தரம் வருமா?

வராது. ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒரு பிரைமரி பிரதிதான் பதில் சொல்லும். மிச்சம் தின்பது டிஸ்க்கை மட்டும்.

ஒவ்வொரு இன்டெக்ஸரிலும் 'டிபி_' என்று தொடங்கும் கோப்புறைகளும் 'ஆர்பி_' என்று தொடங்கும் கோப்புறைகளும் இருக்கின்றன. ஆர்பி என்றால் ரெப்ளிகாதானே, டிபி இருக்கும்போது அது மேலதிகம்தானே? ஒரு இன்டெக்ஸரில் 60 நாளுக்கு மேற்பட்ட ஆர்பி எல்லாவற்றையும் 'ஆர்எம் -ஆர்எஃப்' போட்டு அழித்துவிட்டேன். நிறைய இடம் கிடைத்தது. மற்றவற்றிலும் செய்யலாமா? – தெஹிவளை

செய்ய வேண்டாம். கையை எடுங்கள். இதே கேள்வி மாதத்துக்கு ஒரு தரமாவது வருகிறது, ஒவ்வொரு முறையும் அழித்துவிட்ட பிறகுதான் வருகிறது.

ஒரு கோப்புறைப் பெயரைப் பிரித்துப் பார்ப்போம்: ஆர்பி_1718000000_1717900000_42_, அதன் பின்னால் நீண்ட அடையாளக் குறி. முதல் எண் பக்கெட்டில் உள்ள ஆகப் புதிய வரியின் நேரம், அதாவது 2024 ஜூன் 10, கொழும்பு நேரம் முற்பகல் 11.43. இரண்டாவது ஆகப் பழைய வரி, ஜூன் 9 காலை 7.56. 42 என்பது பக்கெட் இலக்கம். வால் பகுதி அந்தப் பக்கெட் முதலில் பிறந்த இன்டெக்ஸரின் அடையாளம். வால் உங்களுடைய இன்டெக்ஸருடையது அல்ல. அதன் டிபி வேறு இயந்திரத்தில் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் கண்ட டிபி கோப்புறைகளுக்கும் இந்த ஆர்பிக்கும் ஒரு உறவும் இல்லை. 'டிபி இருக்கும்போது ஆர்பி எதற்கு' என்பது அடுத்த வீட்டு உறுதி நம் வீட்டில் இருக்கிறதே, கிழித்துப் போடலாம் என்பது போல.

இன்னொன்று. டிபி என்றால் பிரைமரி, ஆர்பி என்றால் உதிரி என்று பலர் நினைக்கிறார்கள். முதலெழுத்துச் சொல்வது பிறந்த இடத்தை மட்டும். எது பிரைமரி என்பதை மேனேஜர் வைத்திருக்கிறது, அது மாறிக்கொண்டும் இருக்கும். நேற்று ஓர் இன்டெக்ஸர் மறுதொடக்கமாகியிருந்தால், இன்று தேடலுக்குப் பதில் சொல்வதே நீங்கள் அழித்த ஆர்பியாக இருந்திருக்கலாம்.

அழித்ததன் பிறகு நடப்பதைக் கேளுங்கள். இன்டெக்ஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புறை போனால் அதற்கு உடனே தெரியாது. தன்னிடம் பக்கெட் இருப்பதாகவே மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருக்கும். மேனேஜரும் பச்சை காட்டும். தேடல்களில் மட்டும் பிழை வரும், அல்லது வரிகள் குறையும். அடுத்த மறுதொடக்கத்தில் உண்மை வெளியாகும். நூற்றுக்கணக்கான பக்கெட்டுகளுக்குப் பிரதி குறைவு என்று கண்டு மேனேஜர் எல்லாவற்றையும் திரும்பக் கொப்பி பண்ணும். நீங்கள் மீட்ட இடமெல்லாம் அதே இரவில் நிரம்பும். அதே பக்கெட்டை மூன்று இடத்திலும் அழித்திருந்தால் கொப்பி பண்ணவும் ஆளில்லை.

இப்போது உங்களுக்கு. மேலும் எதையும் அழிக்காதீர்கள். மற்ற இன்டெக்ஸர்களை நிறுத்தாதீர்கள், தரவு இப்போது அவற்றில்தான் இருக்கிறது. அழித்த அளவுக்குக் குறையாமல் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கை வைத்த அந்த ஒரு இன்டெக்ஸரை மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள். ஃபிக்ஸ்-அப் தாவல் காலியாகும் வரை காத்திருங்கள். 60 நாளுக்கு மேற்பட்டது உண்மையிலேயே வேண்டாமென்றால் அதற்கு ரிடென்ஷன் (எத்தனை நாள் வைத்திருப்பது) அமைப்பு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பிரதி கெட்டுப்போய்விட்டதென்றால் பக்கெட் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அக்ஷன் என்பதற்குள் 'டிலீட் கொப்பி' இருக்கிறது, அதைப் பாவியுங்கள், மேனேஜருக்கும் தெரிந்தபடி போகும். கட்டளை மேனேஜர் வழியாகப் போகாவிட்டால் அது துப்புரவு அல்ல, சேதம்.

தேடலில் 'டிலீட்' போட்டு ஒரு கோடி வரி நீக்கினேன். டிஸ்க் ஒரு எம்பியும் குறையவில்லை. – வத்தளை

குறையாது. டிலீட் வரிகளைத் தேடலில் இருந்து மறைக்கும், அவ்வளவுதான். பக்கெட் ஃப்ரோஸன் ஆகும்போதுதான், அதாவது காலம் முடிந்து கிளஸ்டரை விட்டு வெளியேறும்போதுதான், இடம் வரும். வேலை முடிந்ததும் 'கேன் டிலீட்' ரோலை உங்கள் கணக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.

ஸ்டோரேஜ் ஃபுல். அவசரம். என்ன செய்ய?

எந்த இயந்திரம்? எந்த டிஸ்க் பிரிவு? எந்தப் பதிப்பு? ஐந்து சொல்லில் கேட்டால் மூன்று சொல்லில்தான் பதில்: 'டிஎஃப்' வெளியீடு அனுப்புங்கள் (டிஸ்க் நிலவரம் காட்டும் கட்டளை). ஆனாலும் ஒன்று. நிரம்பியது சேர்ச் ஹெட் (தேடலை நடத்தும் இயந்திரம்) என்றால் அங்கே பக்கெட் தேடிப் பயனில்லை, டிஸ்பட்ச் கோப்புறையைப் பாருங்கள். பழைய தேடல் முடிவுகளை 'கிளீன்-டிஸ்பட்ச்' கட்டளையால் வேறிடத்துக்கு ஒதுக்கி, பிறகு அழிக்கலாம். இன்டெக்ஸர் என்றால் வெற்றிடம் 5 ஜிபிக்குக் கீழே போனதும் அது இன்டெக்ஸ் செய்வதை நிறுத்திவிடும். அந்த எல்லையைக் குறைத்து 'சமாளிக்க' வேண்டாம்.

ரிடென்ஷன் 30 நாள். ஆனால் நான்கு மாதத்துக்கு முந்திய லொக் இன்னும் வருகிறது. – கொட்டாஞ்சேனை

சிறிய இன்டெக்ஸாக இருக்கும், நாளுக்குச் சில எம்பி. பக்கெட் முழுதாகத்தான் ஃப்ரோஸன் ஆகும், அதுவும் அதிலுள்ள ஆகப் புதிய வரி 30 நாளைத் தாண்டிய பிறகு. ஒரு ஹொட் பக்கெட் இயல்பாக 90 நாள் வரிகளைத் தாங்கலாம். 90ம் 30ம் 120, அதுதான் உங்கள் நான்கு மாதம். அந்த இன்டெக்ஸுக்கு மட்டும் 'மெக்ஸ் ஹொட் ஸ்பான் செக்ஸ்' (ஹொட் பக்கெட் தாங்கும் காலம், செக்கனில்) அளவை 86400 ஆக்குங்கள், நாளுக்கொரு பக்கெட் உருளும். எல்லா இன்டெக்ஸுக்கும் போட்டுவிடாதீர்கள். சின்னச் சின்னப் பக்கெட்டுகள் பெருகினால் மேனேஜர் மூச்சு வாங்கும். மாற்றத்தை மேனேஜரில் கொன்ஃபிக் பண்டிலாக (அமைப்புக் கோப்புகளின் தொகுதி) வைத்துத் தள்ளுங்கள், ஒவ்வோர் இன்டெக்ஸரிலும் கையால் எழுத வேண்டாம்.

ஒரு வாடிக்கையாளர் இன்டெக்ஸைக் கொன்ஃபிக்கிலிருந்து எடுத்துவிட்டோம். கோப்புறை அப்படியே கிடக்கிறது. இன்டெக்ஸைக் காலிசெய்யும் 'கிளீன் இவென்ட்டேட்டா' கட்டளையும் மறுக்கிறது. – வெள்ளவத்தை

கிளஸ்டர் இன்டெக்ஸில் கிளீன் வேலை செய்யாது. ஒழுங்குமுறை தலைகீழாகப் போயிருக்கிறது. இன்டெக்ஸ் கொன்ஃபிக்கில் இருக்கும்போதே ஃப்ரோஸன் காலத்தை 1 செக்கனாக்கித் தள்ளவேண்டும். அதற்கு முன் கோல்ட்-டு-ஃப்ரோஸன் கோப்புறை குறிப்பிடப்படவில்லை என்று உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அழிய வேண்டியது அங்கே போய்க் குந்திக்கொள்ளும். பக்கெட்டுகள் காலியானதும் இன்டெக்ஸ் பகுதியை எடுத்து, இறுதியாக வெறும் கோப்புறையை அழிப்பது. இப்போது எடுத்தாகிவிட்டதால் கிளஸ்டருக்கு அந்தக் கோப்புறையைத் தெரியாது. இங்கே மட்டும் கையால் அழிக்கலாம், எல்லா இன்டெக்ஸரிலும், பாதையை இரண்டு தரம் வாசித்துவிட்டு. தள்ளிப்போடாதீர்கள். வாடிக்கையாளர் விபரம் தேவைக்கு மேல் கிடப்பதைத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கான 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் விரும்பாது.

ஃப்ரோஸன் பக்கெட்டுகளின் ஆர்க்கைவ் வைத்திருக்கும் என்ஏஎஸ் (வலையமைப்புச் சேமிப்பகம்) எதிர்பார்த்ததை விட மூன்று மடங்கு நிரம்புகிறது.

ஒவ்வொரு பிரதியும் தனித்தனியே ஃப்ரோஸன் ஆகிறது, ஆகவே ஃபக்டர் 3 என்றால் ஆர்க்கைவிலும் மூன்று. முதலெழுத்தை நீக்கிவிட்டு எஞ்சிய பெயரை ஒப்பிடுங்கள். இரண்டு நேரம், இலக்கம், அடையாளக் குறி எல்லாம் ஒன்றானால் ஒரே பக்கெட். ஒன்றை வைத்து, அதன் ரோடேட்டா திறக்கிறதா என்று பார்த்து, மற்றதை நீக்கலாம். ஆர்க்கைவ் மேனேஜரின் கணக்கில் இல்லை, ஆகவே இங்கே கை வைக்கலாம். அதிலிருந்து எதையாவது தோவ் செய்தால் (திரும்பத் தேடக்கூடியதாக்கினால்) வேலை முடிந்ததும் தோவ்ட் கோப்புறையை நீங்களே காலி செய்ய வேண்டும். அதற்கு ரிடென்ஷன் கிடையாது, வருடக்கணக்கில் கிடக்கும்.

'டிசேபிள்ட்-' என்று தொடங்கும் பக்கெட் கோப்புறைகள் சில. அழிக்கலாமா? – மட்டக்குளி

யாரோ பக்கெட்டைக் கையால் கொப்பி பண்ணியிருக்கிறார்கள். ஒரே அடையாளத்தில் இரண்டு கண்டதால் ஸ்ப்ளங்க் ஒன்றை முடக்கியிருக்கிறது. அதே பக்கெட்டுக்குப் போதிய பிரதி இருப்பதாக மேனேஜர் காட்டினால், முதலில் வேறு டிஸ்க்குக்கு நகர்த்துங்கள். ஒரு கிழமை பார்த்து, பிறகு அழியுங்கள். கொப்பி பண்ணியவரையும் கண்டுபிடியுங்கள்.

இன்னொரு தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சேர்ச்சில் பாதிக்கு மேல் ஆவணங்களை 'டிலீட் பை குவெரி'யால் நீக்கினேன், இடம் வரவில்லை.

வத்தளைக்காரருக்கு உறவா? அங்கேயும் நீக்கிய ஆவணம் செக்மென்ட் (இன்டெக்ஸின் உட்கோப்புகள்) மேர்ஜ் ஆகும் வரை டிஸ்க்கில்தான். லொக் என்றால் நாள்வாரி இன்டெக்ஸாகப் பிரித்து முழு இன்டெக்ஸை அழியுங்கள், இடம் உடனே வரும்.

வருகிற போயா விடுமுறையில் நான்கு இன்டெக்ஸருக்கும் ரேம் கூட்டுகிறோம். எக்ஸெஸ் வராமல் செய்ய வழி? – ராஜகிரிய

மேனேஜரில் மெயின்டெனன்ஸ் மோட்டைப் (பிரதி திருத்தலை நிறுத்திவைக்கும் நிலை) போடுங்கள். ஓர் இன்டெக்ஸரை 'ஸ்ப்ளங்க் ஒஃப்லைன்' கட்டளையால் இறக்கி, ரேம் போட்டு, ஏற்றி, மேனேஜரில் 'அப்' என்று வந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். 'என்ஃபோர்ஸ்-கவுன்ட்ஸ்' சேர்க்காதீர்கள், அது இயந்திரத்தை நிரந்தரமாகக் கழற்றுவதற்கு. நான்கும் முடிந்ததும் மெயின்டெனன்ஸ் மோட்டை எடுத்துவிடுங்கள். மேனேஜரை மறுதொடக்கம் செய்தாலும் அது தானாகப் போகாது, மறந்துவிட்டால் அடுத்த முறை உண்மையிலேயே ஒன்று விழும்போது ஒரு பிரதியும் திருத்தப்படாது.