கணக்குக்குப் பயந்து இதை விட்டுவிடாதீர்கள்

வணக்கம் டாக்டர். ஆரம்ப சுகாதார நிலைய வேலையிலிருந்து தொற்றுநோயியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் பரவுகிறது என்று ஆராயும் துறை) படிக்கப் போனால், நோயாளிகளை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டுமோ, புள்ளியியலும் வராதே என்று கேட்டிருந்தீர்கள்.

களத்தில் நடக்கும் தொற்றுநோயியல் பயிற்சிகளுக்கு முன்மாதிரி, 1951-இல் அமெரிக்காவில் மருத்துவர் அலெக்சாண்டர் லாங்மியூர் தொடங்கிய இ.ஐ.எஸ். (Epidemic Intelligence Service) என்ற நோய்ப்பரவல் புலனாய்வுத் திட்டம். அதில் வகுப்பு கொஞ்சம், களம்தான் நிறைய. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் களப்பணியோடு சேர்த்தே சொல்லித்தருகிறது.

என் பயிற்சிக் காலத்தில் ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு பரவியது. வீடு வீடாகப் போய் வயது, தெரு, தொடங்கிய தேதி, எந்தக் குழாய்த் தண்ணீர் என்று நோட்டில் எழுதினோம். இரவு சார்ட் பேப்பரில் தெருக்களை வரைந்து, நோய் வந்த வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தோம். பெரும்பாலும் ஒரே குழாய் போகும் வழியிலேயே விழுந்தன. அந்தத் தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு வந்தது, குடிக்காதவர்களில் எத்தனை? அன்று போட்ட கணக்கு அவ்வளவுதான். தோண்டிப் பார்த்தால், உடைந்த குழாயில் சாக்கடை கலந்திருந்தது.

அதைவிடக் கஷ்டம், தோண்டுவதற்கு முன்பே குழாயை மூடச் சொல்லி ஊராட்சித் தலைவரைச் சம்மதிக்க வைத்தது. முழு ஆதாரம் கையில் இல்லாதபோது, தெரிந்ததை மட்டும் தெளிவாகச் சொல்லி, மாற்றுத் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்யப் பழகியது அங்கேதான். இன்று மாவட்டக் கூட்டங்களில் எனக்குக் கைகொடுப்பது அந்தப் பழக்கம்.

சரி, விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் நிலையத்தின் போன வருட வயிற்றுப்போக்குப் பதிவேட்டை எடுத்து, வாரவாரியாக வரைபடம் போடுங்கள். எங்காவது திடீரென்று ஏறியிருந்தால், அந்த வாரம் எந்த ஊர் என்று பாருங்கள். அப்புறம் இங்கே வந்து எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.