வாய் திறக்காத பிள்ளை, வீட்டைவிட்டு நகராத பிள்ளை: வடசென்னைப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். குழந்தைகளுக்கான உணவு ஆலோசனைதான் என் வேலை. பிள்ளைகளின் சாப்பாடு, விளையாட்டு பற்றி என்ன கேட்க வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பலர் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஓர் அம்மா, காசிமேடு): அக்கா, பையனுக்கு நாலு வயசு. போன் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான். ஒரு வேளைச் சோறு ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. மிரட்டியும் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான். முதலில் ஒன்று சொல்லுங்கள், சோற்றுக்கு முன்னால் அவன் என்னென்ன சாப்பிட்டான்? பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால், பதினொன்றுக்கு ரெண்டு பிஸ்கட், பன்னிரண்டுக்கு மறுபடி பால் என்று போயிருந்தால் ஒரு மணிக்கு அவனுக்குப் பசியே இருக்காது. இந்த வயதில் ஒரு நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். பால் வயிற்றை அடைத்துவிடும். அதில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. பால் மட்டுமே குடித்து வளரும் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் விடுங்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும் போதும். என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். தட்டில் கொஞ்சமாக வைத்து, வீட்டில் ஒருவராவது அவனோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். அரை மணி நேரம் ஆனதும், மிச்சம் இருந்தாலும் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். போன் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. நிறுத்திய முதல் சில நாள் அழுகை இருக்கும். பாட்டிக்கு மனசு கேட்காது, 'பிள்ளை பட்டினி கிடக்கிறதே' என்பார். அதனால் பாட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே போன் மறுபடி வந்துவிடும். நன்றாக ஓடியாடும் குழந்தை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): காய் என்றாலே துப்புகிறாள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். ஒரு புதுக் காயை ஏற்றுக்கொள்ள ஒரு குழந்தைக்குப் பத்து, பதினைந்து முறை வரை ஆகலாம். நாம் பெரும்பாலும் மூன்றாவது முறையே 'அவளுக்குப் பீட்ரூட் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரே ஒரு துண்டு வையுங்கள், சாப்பிடு என்று சொல்லாதீர்கள். 'காய் சாப்பிட்டால் சாக்லேட்' என்ற பேரமும் வேண்டாம். அப்படிச் சொன்னால் காய் தண்டனை, சாக்லேட்தான் பரிசு என்று அவள் மனதில் பதிந்துவிடும்.

கேள்வி (ஓர் அப்பா, திருவொற்றியூர்): பள்ளி விட்டு வரும் வழியில் பெட்டிக்கடை. தினமும் அஞ்சு ரூபாய் பாக்கெட்டும் கூல்டிரிங்ஸும் கேட்டு அடம். என்ன செய்வது?

பதில்: நாலு மணிக்கு அவன் உண்மையிலேயே பசியோடுதான் வருகிறான். கடையைத் தாண்டுவதற்கு முன்பே கையில் ஏதாவது கொடுத்துவிடுங்கள். சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, வாழைப்பழம், கொய்யா எதுவும் சரி. பாக்கெட்டை ஒரேயடியாகத் தடை செய்யாமல், வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான், நடுவில் அழுதாலும் மாற்றக் கூடாது.

கூல்டிரிங்ஸில் நான் அவ்வளவு தாராளம் காட்ட மாட்டேன். 200 மில்லி கோலாவில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது நாலைந்து ஸ்பூன். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்குமே சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். வெயிலுக்கு மோர் கொடுங்கள். நம் தெருக்களில் கூழ் வண்டி இன்னும் நிற்கிறது, ஆடியில் அம்மன் கோயில்தோறும் கூழ் ஊற்றுகிறார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கூழ் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: ஹெல்த் டிரிங்க் பவுடர் கொடுக்கலாமா?

பதில்: தேவையில்லை. டப்பாவின் பின்பக்கம் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

கேள்வி (ஓர் அம்மா, பழைய வண்ணாரப்பேட்டை): பையனுக்குப் பத்து வயது, கொஞ்சம் குண்டு. கழுத்துக்குப் பின்னால் கறுப்பாகப் பட்டை மாதிரி இருக்கிறது. கடலை மாவு, எலுமிச்சை எல்லாம் தேய்த்தும் போகவில்லை.

பதில்: அம்மா, தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் தடித்துக் கறுக்கும். எடை கூடிய பிள்ளைகளிடம் இது வந்தால், பின்னாளில் சர்க்கரை நோய் வரலாம் என்பதற்கான முன்னறிவிப்பு. வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் தேவை. குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. எடை ஏறாமல் நின்றால் போதும், உயரம் கூடக்கூடச் சரியாகிவரும். இனிப்புப் பானத்தை நிறுத்துங்கள். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பொரியலையும் பருப்பையும் கூட்டுங்கள். இதை அவனுக்கு மட்டும் தனியாகச் செய்யாமல் வீட்டில் எல்லோரும் செய்யுங்கள். 'குண்டு' என்று யாரும் கூப்பிடக் கூடாது, செல்லமாகக்கூட. கேலிக்குப் பயந்த பிள்ளை மைதானத்துக்கே போகாது.

கேள்வி (ஓர் அப்பா, வியாசர்பாடி): மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் கால்பந்து ஆடுவாள். வயதுக்கு வந்த பிறகு என் அம்மா அனுப்ப வேண்டாம் என்கிறார். அவளும் சீக்கிரம் களைத்துப்போகிறாள்.

பதில்: அனுப்புங்கள் தம்பி. கால்பந்துக்குப் பெயர் போன ஊரில் இருக்கிறீர்கள். தெருவுக்குத் தெரு பந்து உருளும் இடத்தில் அவள் மட்டும் வாசலில் நின்று பார்ப்பது நியாயமா? மாதவிடாய் நாட்களிலும், முடிந்தால் தாராளமாக ஆடலாம். எலும்பு வலுவாவது இந்த வயதில்தான், ஓடுவதும் குதிப்பதும் அதற்கு மிக அவசியம்.

களைப்பை வேறாகப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதற்கான அடித்தளம் பெரும்பாலும் இந்த வயதில்தான் விழுகிறது. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், அவள் வயதுக்கு 12க்குக் குறையக் கூடாது. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும், அவ்வப்போது கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் தவறாமல் போடச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, முட்டை, மீன், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாம் நல்லது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். உங்கள் அம்மாவிடம் 'விளையாட்டு வேண்டுமா வேண்டாமா' என்று வாதாடாமல், 'பிள்ளைக்கு ரத்தம் ஊற வேண்டும்' என்று ஆரம்பியுங்கள். அவரே முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுப்பார்.

கேள்வி: எந்த மீன் நல்லது அக்கா? வஞ்சிரம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை.

பதில்: வஞ்சிரமே வேண்டாம். நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி போதும். விலையும் குறைவு, சத்தும் அதிகம். நெத்திலியை முள்ளோடு மென்றால் கால்சியமும் கிடைக்கும். சின்னக் குழந்தைக்கு முள்ளை நீங்களே தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள். சுறாப் புட்டு எப்போதாவது சரி, அடிக்கடி வேண்டாம். பெரிய மீனில் பாதரசம் அதிகம் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விலை ஏறும்போது முட்டைக்கும் பயறுக்கும் மாறிக்கொள்ளுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், பிள்ளைக்கு ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி (புது வண்ணாரப்பேட்டை): என் பையன் நாள் முழுக்கக் கேரம் ஆடுகிறான். அது விளையாட்டுக் கணக்கில் வருமா?

பதில்: நம் பகுதியிலிருந்து போன காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அதனால் கேரமை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆடட்டும். ஆனால் 5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிடம், மூச்சு வாங்கி வியர்க்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் கேரம் வராது.

கேள்வி (எண்ணூர்): ஒற்றை அறை வீடு, வெளியே கன்டெய்னர் லாரி. ஆறரை மணிக்கு டியூஷன். அந்த 60 நிமிடத்துக்கு எங்கே போவது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. லாரி ஓடும் சாலையோரத்தில் புகைக்கு நடுவே ஓட விடாதீர்கள், உள்தெருவோ மாநகராட்சி மைதானமோதான் சரி. வீசிங் உள்ள பிள்ளை என்றால் இன்ஹேலரை எப்போதும் கூடவே வைத்திருங்கள். 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. காலையில் மாடியில் பத்து நிமிடம் கயிறு தாண்டட்டும். பள்ளிக்கு வேகமாக நடக்கட்டும். பள்ளி விட்டதும் டியூஷனுக்கு முன்னால் அரை மணி நேரம் ஓடிப்பிடித்தல், நொண்டி, கபடி எதுவானாலும் சரி. தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து, ஆளுக்கு ஒரு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களா என்று பிள்ளையிடம் கேளுங்கள். எடுத்தால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாலு பேராகப் போய் அந்தப் பீரியடைத் திரும்பக் கேளுங்கள்.