கோட்டுப் பித்தான் வாய் திறந்தால் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரும் ஆசிரியையுமான அன்னா ஜூலியா கூப்பர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் எதிரி நிறவெறிதானே? சொந்த இனத்து ஆண்களையும் ஏன் இழுக்க வேண்டும்? அது போராட்டத்தைப் பலவீனப்படுத்தாதா? பெண்ணுக்குப் படிப்பு வந்துவிட்டால் மரியாதை தானாக வரும் என்றே நம்புகிறேன். என் பிளஸ் டூ மாணவிகளிடம் இவரைப் பற்றிப் பேச ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

மரியாதை தானாக வரவில்லை. கூப்பரின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

1858இல் வட கரோலினாவின் ராலே நகரில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் அவர். அடிமைமுறை ஒழிந்ததும், விடுதலை பெற்றவர்களுக்காக அங்கே செயின்ட் அகஸ்டின் பள்ளி திறந்தது. சின்னஞ்சிறு வயதிலேயே அதில் சேர்ந்துவிட்டார். பள்ளி கிடைத்துவிட்டது, சரி. உள்ளே போனபிறகு நடந்ததை 1892இல் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஒரு பையன் அரைகுறை மனத்தோடு “பாதிரியாராகப் போகிறேன்” என்று சொன்னால் போதும், உதவி, ஊக்கம், மரியாதை எல்லாம் தேடி வரும். பெண்பிள்ளையோ கோடை விடுமுறையில் பாடம் சொல்லிக்கொடுத்து, பள்ளி முடிந்தபின் வேலை செய்து, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் தானே கட்ட வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல் பள்ளி முதல்வரிடமே வெடித்துவிட்டார்: இந்தப் பள்ளியில் ஒரு பெண்ணுக்குத் திறந்திருக்கும் ஒரே வழி, அந்தப் பையன்களில் ஒருவனைக் கட்டிக்கொள்வதுதான்!

கல்லூரிக்குப் போகப்போகிறேன் என்று அவர் சொன்னபோது எல்லோரும் எப்படி விழித்தார்களாம் தெரியுமா? அந்த மாணவர்களில் ஒருவனுடைய கோட்டில் இருக்கும் பித்தளைப் பித்தான் வாய் திறந்து, தீராத வடிவியல் கணக்குக்கு வழி சொன்னால் எப்படி விழிப்பார்களோ அப்படி. இது அவரே சொல்லும் உவமை. அந்தப் பித்தான் ஓபர்லின் கல்லூரிக்குப் போனது. பெண்களுக்கென்று வைத்திருந்த சுருக்கப் படிப்பை ஒதுக்கிவிட்டு, ஆண்களின் பாடத்திட்டத்தில் 1884இல் பட்டம் வாங்கியது. பிறகு கணிதத்தில் முதுகலை. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நிறவெறியை நான் குறைத்துச் சொல்லவில்லை. வாஷிங்டனின் எம் ஸ்ட்ரீட் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தபோது, கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்ற பேச்சுக்கு அவர் இணங்கவில்லை. கல்லூரிக்குப் போகும் தரத்தில் பாடம் நடத்தியே தீருவேன் என்று நின்றார். 1906இல் பதவி போனது. கூடவே அவருடைய ஒழுக்கம் பற்றி வதந்தி கிளப்பினார்கள். ஓர் ஆண் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அந்தக் கல்லை எடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

சொந்த இனத்து ஆண்களைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சொன்னவர் கூப்பர்தான். மற்ற எல்லா விஷயத்திலும் காலத்தோடு நடப்பவர்கள், பெண் பற்றிய பேச்சு வந்ததும் 16ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று வருத்தத்தோடு எழுதினார். இதனால் போராட்டம் பலவீனமாகவில்லை; யாருக்கான விடுதலை என்ற கேள்வி கூர்மையானது. 1920இல் கறுப்பினச் சிந்தனையாளர் டூ போய்ஸ் கறுப்பினப் பெண்களின் உரிமைக்காக உருக்கமாக எழுதிய கட்டுரையில் கூப்பரின் புகழ்பெற்ற வரி ஒன்று வருகிறது. ‘நம் பெண்களில் ஒருவர்’ எழுதியதாக. பெயர் இல்லை! டூ போய்ஸ் எதிரி அல்ல, தோழர். அதனால்தான் அதிகமாக வலிக்கிறது.

66 வயதில், 1925இல், பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றதை மாணவிகளிடம் கடைசியில் சொல்லுங்கள். அதிலிருந்து தொடங்கினால் வெற்றிக்கதையாகிவிடும். அவர் நூலில் வரும் பாழடைந்த ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். அழுக்கடைந்த இரண்டு சிறிய அறைகள். ஒன்றின் மேல் ‘பெண்களுக்கு’ என்று பலகை. மற்றொன்றின் மேல் ‘கறுப்பினத்தவருக்கு’. அவர் வெளியே நிற்கிறார், நான் இதில் எதில் சேர்த்தி என்று யோசித்தபடி.