நாலாம் பெஞ்சுக்கு வராத சமாதானம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 58 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபை. தங்கச்சியும் நானும் பேசி 11 வருஷம் ஆகிறது. அப்பாவின் பனை விளையை (பனந்தோப்பை), நான் வெளியூரில் இருந்த சமயம் பார்த்து, தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டாள். அம்மாவைக் கடைசி நாலு வருஷம் பார்த்தது நான். மருந்துக்கு ஒரு ரூபாய் தந்தாளா? அம்மா இறந்த அன்று அக்கா எனக்குச் சொல்லி அனுப்பவில்லை, ஊரார் சொல்லித்தான் வந்தேன் என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். விளையை வாங்கிக்கொண்டதைச் சொல்வாளா?

வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். கோயிலில் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அசனத்துக்கு வருஷா வருஷம் ஒரு மூட்டை அரிசி. அவளை மன்னித்துவிட்டேன் என்று ஆண்டவரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ஆனாலும் எங்கள் குருவானவர் ஐயர், 'ரெண்டு பேரும் ஒப்புரவாகுங்க' என்கிறார். விளையை எழுதி வாங்கினது யார்? திருவிருந்து ஆராதனையில் அவள் மூன்றாம் பெஞ்ச், நான் நாலாம் பெஞ்ச். கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவள் திரும்பும்போது பாட்டுப்புத்தகம் எடுக்கிற மாதிரி குனிந்துகொள்வேன். போன மாதம் நிமிரும்போது பார்த்தேன், நீட்டிய கை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அது கிடக்கட்டும். ஆண்டவரிடம் சரியாக இருக்கிறவள் மனுஷரிடம் இறங்கிப் போகத்தான் வேண்டுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விளையை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சியின் கையை ஒரே இடத்தில், அதையும் 'கிடக்கட்டும்' என்று தள்ளிவிட்டு. எனக்கு அதைக் கிடக்கவிட மனமில்லை. தலை நிமிரும் அந்த ஒரு நொடியில் நடுக்கத்தைப் பார்த்திருக்கிறீர்கள் என்றால், 11 வருஷமாகக் கண் அவளைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவளுக்கு என்னவோ ஆகிறது. அக்காவாக இருந்தும் கேட்க முடியாத இடத்தில் நிற்கிறீர்கள். உங்கள் பயம் அதுதான்.

சமாதானம் கொடுப்பது, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து ஆராதனை முறைக்குள் எடுத்துக்கொண்ட வழக்கம். குருவானவரிடமிருந்து கைமாறிக் கைமாறி வருவது. நாலாம் பெஞ்சில் ஒருவர் குனிந்தால், ஐந்தாம் பெஞ்சில் இருப்பவர் என்ன செய்வார்?

காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5-ஐ நிதானமாக வாசியுங்கள். 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. அவள்மேல் உங்களுக்குள்ள குறையை அந்த வசனம் கேட்கவே இல்லை. அவளுக்கு உங்கள்மேல் உள்ள குறை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பெற்ற தாய் இறந்ததை ஊரார் வாயால் கேட்டவள் அவள். விளையில் அவள் செய்தது தப்பாகவே இருக்கட்டும். இது உங்கள் தப்பு. கோபம் வரும், வரட்டும்.

மன்னித்ததை ஆண்டவரிடம் சொன்னீர்கள், அவளிடம் சொல்லவில்லை. கண்ட சகோதரனை நேசிக்காதவன் காணாத தேவனை எப்படி நேசிப்பான் என்று கேட்கிறார் யோவான். ஆண்டவரிடம் சரியாக இருக்கிறேன் என்பதை அவர் அளந்து பார்க்கிற இடம் உங்கள் உபவாசம் அல்ல, மூன்றாம் பெஞ்ச்.

விளைக்கு வக்கீல் இருக்கிறார், அது தனி. அடுத்த திருவிருந்து வரை காத்திருக்காமல் அவள் வீட்டுக்குப் போங்கள். 'மன்னித்துவிட்டேன்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அது இன்னொரு சண்டைக்குத்தான் போகும். 'கைக்கு என்னாச்சு, டாக்டர்கிட்ட காட்டினியா?' என்று கேளுங்கள்.