அன்இன்ஸ்டால் பண்ணியும் திரும்பி வரும் சாஃப்ட்வேரை ஒழிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கேட்காமலே கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்த "ஸ்பீடு கூட்டும்" சாஃப்ட்வேரை நீக்கினாலும் மறுபடி முளைக்கிறது, பிரவுசரிலும் விளம்பரமாகக் கொட்டுகிறது. ஃபார்மட் பண்ணாமல் முழுசாக எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குப் போய் சிஸ்டம் சர்வீஸ் பார்ப்பவன் நான். எதற்கெடுத்தாலும் "ஃபார்மட் அடிச்சுடலாம்" என்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். ஃபார்மட் அடித்துவிட்டு அதே கிராக் (லைசன்ஸ் இல்லாத திருட்டு) விண்டோஸையும் அதே பென்டிரைவில் உள்ள சாஃப்ட்வேர்களையும் ஏற்றித் தந்தால், உங்களை விட்டுப் போனது குழந்தைகளின் போட்டோ மட்டும்தான்.

எல்லோரும் முதலில் அன்இன்ஸ்டால் பட்டனுக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால், திரும்பக் கொண்டுவருவது எது என்று பிடிக்க வேண்டும். குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதிதான் டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, இடப்பக்கம் உள்ள லைப்ரரியைச் சொடுக்குங்கள். சந்தேகப்படும் பெயரைத் தேர்ந்தெடுத்து ஆக்‌ஷன்ஸ் என்ற பகுதியைப் பார்த்தால், அது எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று முழு முகவரி தெரியும். அர்த்தமில்லாத எழுத்துக் கோவையாகப் பெயர், ஆப்டேட்டா (புரோகிராம்கள் தங்கள் டேட்டாவை வைக்கும் மறைவான ஃபோல்டர்) உள்ளே இருப்பிடம், தினமும் அல்லது லாகின் செய்யும்போதெல்லாம் ஓட்டம்: மூன்றும் சேர்ந்தால் ஆள் அவன்தான். ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் கெட்டதும் இல்லை, ஜூம் கூட அங்கேதான் குடியிருக்கிறது. அதனால் டெலீட் வேண்டாம், முதலில் டிஸேபிள் செய்து பாருங்கள். இன்னும் ஆழமாகப் பார்க்க, தானாக ஓடுவதையெல்லாம் பட்டியலிட்டுக் காட்டும் ஆட்டோரன்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைத்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான் நிற்கும். டிக்கை எடுத்தால் நின்றுவிடும், தப்பென்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகு கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்கள் பட்டியலைத் திறந்து, இன்ஸ்டால் ஆன தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய அதே நாளில் கூடவே ஏறியவை வரிசையாக நிற்கும். ஏதோ ஒரு இலவச வீடியோ பிளேயரை நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தியபோது வந்த கூட்டம் அது. நீக்கும்போது திரையைப் படித்து அழுத்துங்கள்: "வைத்துக்கொள்" என்பது பெரிய பச்சை பட்டனாகவும், "நீக்கு" என்பது மூலையில் வெளிறிய எழுத்தாகவும் இருக்கும். முடிந்ததும் ரீஸ்டார்ட். புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம் டேட்டா, ஆப்டேட்டா மூன்றிலும் அதன் பெயரில் ஃபோல்டர் மிச்சமிருந்தால் அழித்துவிடலாம். கடைசி இரண்டும் மறைந்திருக்கும், ஹிட்டன் ஐட்டம்ஸைக் காட்டச் சொல்ல வேண்டும். "உபயோகத்தில் இருக்கிறது" என்று அடம் பிடித்தால் சேஃப் மோடில் (அவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ் நிலை) போய் அழியுங்கள்.

ஆன்டிவைரஸ் மட்டும் தனி ஜாதி. மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட் மூன்றுமே தங்களை நீக்குவதற்கென்று தனிக் கருவி வைத்திருக்கின்றன. அவரவர் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

பிரவுசர் விஷயம் வேறு. கொருக்குப்பேட்டையில் டியூஷன் எடுக்கும் ஒரு அக்கா, "தம்பி, வைரஸ் புடிச்சிருச்சாம்பா, பணம் கட்டச் சொல்லுது" என்று பதறிக்கொண்டு கூப்பிட்டார். வலது கீழ் மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று மேல் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் வைரஸே இல்லை. "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்" என்ற ஏதோ பக்கத்தில் அழுத்தியிருக்கிறார், அந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்புகிறது, அவ்வளவுதான். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை எடுத்ததும் அடங்கிவிட்டது. என்னைக் கூப்பிடுபவர்களில் பல பேருக்கு வியாதி இதுதான்.

அப்படியும் அடங்கவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டி புரோகிராம்கள்) பாருங்கள். டெஸ்க்டாப்பில் குரோம் ஷார்ட்கட்டின் புராப்பர்ட்டீஸில், டார்கெட் வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் "உங்கள் நிறுவனம் இந்த பிரவுசரை நிர்வகிக்கிறது" என்று குரோம் சொன்னால் யாரோ பாலிசி (பிரவுசரை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் செட்டிங்) செட் பண்ணியிருக்கிறார்கள். சில ஆன்டிவைரஸும் அப்படிச் செய்யும், அது இல்லாத பட்சத்தில் சந்தேகப்படுங்கள்.

நீக்கியதாகக் காட்டினாலே நீங்கிவிட்டதாக அர்த்தமில்லை. 2015-இல் லெனோவோ லேப்டாப்களில் கூடவே வந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர சாஃப்ட்வேர் பெரிய சர்ச்சையானது. அதை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் அது பதித்த ரூட் சர்ட்டிஃபிகேட் அப்படியே இருந்தது. பாதுகாப்பான இணைப்புகளையே ஒட்டுக்கேட்க வழி விடும் சர்ட்டிஃபிகேட் அது. லெனோவோ தனியாக ஒரு நீக்கும் கருவியை வெளியிட வேண்டி வந்தது.

கிராக் போட்ட சிஸ்டமென்றால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலை அவசியம் திறந்து பாருங்கள். "இந்த ஃபோல்டரை சோதிக்காதே" என்று விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வாயைக் கட்டி வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். தானே ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் ஓடும்.

விண்டோஸின் செட்டிங்ஸ் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையும் போடாதீர்கள். நீங்கள் நீக்கப் பார்க்கும் சரக்கே பாதி நேரம் அந்தப் பெயரில்தான் வருகிறது.

பாஸ்வேர்டு திருட்டு, பேங்க் கணக்கில் கைவைப்பு என்று போனால் மட்டும் இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம். வேறு ஒரு சுத்தமான போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். போட்டோ, டாக்குமெண்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிய விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, பெட்டி தாங்குமென்றால் 11-க்கே போய்விடலாம். தாங்காது, கொஞ்சம் ரேம் கூட்டலாம் என்பவர்களுக்கு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷன், பக்கத்திலேயே கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெரு. ஆனால் 11 கேட்கும் பிராசஸரே பழைய பெட்டியில் இல்லையென்றால் ரேம் போட்டுப் பிரயோஜனமில்லை, வாங்குவதற்கு முன் பெட்டி 11-ஐத் தாங்குமா என்று சொல்லும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக்கை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.